கிளியோடு நிற்கும் சீமாட்டி

தேம்ஸ் நதி லண்டன் மாநகரத்துக்குள் புகுந்து பாலங்களுக்கும் படகுத் துறைகளுக்கும் அடிமைப்படுவதற்கு முன்னால், அன்னங்கள் மிதக்கும் அமைதியான நீராக, புல்வெளிகளுக்கு நடுவே அவசரமின்றிச் செல்லும் இடத்தில், ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கார்டினல் உல்சி என்ற குரு, மந்திரிப் பதவியின் உச்சத்தில் இருந்தபோது, அரசனே பொறாமைப்படும்படியான ஆடம்பரத்தோடு கட்டிய மாளிகை இது; எட்டாம் ஹென்றி மன்னன் உண்மையிலேயே பொறாமைப்பட்டபோது, மாளிகை மன்னனுக்கும் அவமானம் மந்திரிக்குமாகப் பாகம் பிரிந்தது. முன்புறத்துச் செங்கல் கோபுரங்களும் திருகு திருகாக எழுந்த புகைபோக்கிகளும் அந்தக் காலத்தவை. அவற்றைக் கடந்து உள்ளே போனால் திடீரென்று வேறு யுகம் வருகிறது. 1689-இல் பட்டமேற்ற மூன்றாம் வில்லியமும் மேரியும் பழைய அரண்மனையை முழுவதும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும்படி சர் கிறிஸ்டபர் ரென்னிடம் சொல்லியிருந்தார்கள்; பாதி இடிப்பதற்குள் மேரி காலமானாள்; மீதிப் பாதி பிழைத்தது. ஒரு ராணியின் அகால மரணத்தால் உயிர் தப்பிய கட்டடங்கள் உலகத்தில் அதிகம் இருக்க மாட்டா.

இங்கே வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி, ஹென்றியின் சமையற்கட்டையும், அவன் மணந்து தீர்த்த ஆறு மனைவியரின் கதையையும் நாடியே வருகிறது. பாதியில் நின்றுபோன அவர்களுடைய வாழ்க்கையைப் பேசிக்கொண்டே மக்கள் சிற்றுண்டிச் சாலைக்குப் போய்விடுகிறார்கள். நான் தேடி வந்தது வேறு ஒருத்தியை. ஆகவே ரென் கட்டிய பகுதியின் படிகளில் ஏறி, அரசனின் அறைகளையும் அரசியின் அறைகளையும் இணைக்கும் நீண்ட நடைகூடத்தை அடைந்தேன். ஒரு பக்கம் வரிசையாக ஜன்னல்கள். அவற்றின் கீழே நீரூற்று முற்றம். எதிர்ப்பக்கச் சுவரில், கனத்த பொற்சட்டங்களுக்குள், இரண்டாம் சார்ல்ஸ் மன்னனின் ராஜசபையை அலங்கரித்த சுந்தரிகள்.

முதல் பார்வையில் எனக்கு உண்டானது வியப்பு அல்ல, குழப்பம். பத்துக்குக் குறையாத சீமாட்டிகள். ஆனால் ஒரே முகம். அதே பாதி மூடிய, உறக்கமும் கனவும் கலந்த விழிகள். அதே நீள்வட்ட முகம். சற்றே தடித்த கீழிமை. தோளிலிருந்து நழுவிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பது போன்ற அதே பட்டு. காவலுக்கு நின்ற முதியவர் என் தயக்கத்தைக் கண்டு அருகில் வந்து, "இவர்கள் எல்லாரும் அக்கா தங்கைகளா என்று தினமும் யாராவது கேட்கிறார்கள், ஐயா, நீங்களும் அதைத்தான் கேட்கப் போகிறீர்களோ?" என்றார். நான் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்தது உண்மை.

இந்தக் குற்றச்சாட்டு புதிதல்ல. ஓவியங்கள் தீட்டப்பட்ட காலத்திலேயே அது எழுந்துவிட்டது. தம் நாட்குறிப்பினால் அமரத்துவம் பெற்ற சாமுவேல் பீப்ஸ், 1668-இல் மன்னனின் தம்பி யார்க் டியூக்கின் சித்திர அறையில் இவற்றைக் கண்டபோது, படங்கள் நேர்த்தியானவை என்றும், ஆனால் ஆட்களைப் போல் இல்லை என்றும் குறித்து வைத்தார். ரத்தினச் சுருக்கமான அந்த விமரிசனத்துக்குப் பிறகு வந்தவர்கள் சொன்னவையெல்லாம் விரிவுரைதான்.

எழுதியவர் பீட்டர் லீலி. ஜெர்மானிய தேசத்து வெஸ்ட்ஃபேலியாவில் 1618-இல் டச்சுப் பெற்றோருக்குப் பிறந்து, ஹார்லெம் நகரில் தொழில் பயின்று, இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூளும் சமயத்தில் லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். சிறையிருந்த முதலாம் சார்ல்ஸை அவர் எழுதினார். அந்த மன்னனின் தலையை வாங்கிய கூட்டத்தின் தலைவன் கிராம்வெலையும் எழுதினார். பிறகு, 1660-இல் மகன் சார்ல்ஸ் திரும்பி வந்து அரியணையேறியபோது, அடுத்த ஆண்டே அரசவையின் பிரதான ஓவியராக நியமனம் பெற்று, அந்தப் புதிய யுகத்தின் சரிகையையும் சதையையும் எழுதினார். கொள்கைக்காக உயிர் விடுகிற காலத்தில் தூரிகையை மட்டும் விடாத மனிதர். கோவண்ட் கார்டன் சதுக்கத்திலிருந்த அவருடைய சித்திரசாலை ஏறக்குறைய ஒரு தொழிற்கூடமாகவே நடந்தது. நிற்கும் பாங்குகளுக்கும் அமரும் பாங்குகளுக்கும் வரிசை எண் உண்டு. முகத்தை ஆசிரியர் எழுதுவார். ஆடையையும் அருவியையும் மரத்தையும் சீடர்கள் நிரப்புவார்கள். 1680-இல் ஒரு சீமாட்டியை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. முடியாமல் நின்ற படங்களைச் சீடர்கள் முடித்துக் கொடுத்தார்கள். வித்தியாசம் தெரிந்தவர் எத்தனை பேரோ!

இந்தச் சித்திர வரிசையை எழுதச் சொன்னது மன்னன் அல்ல, ஒரு பெண். மன்னனின் தம்பி யார்க் டியூக்கின் மனைவி ஆன் ஹைட், அழகி என்று யாராலும் வருணிக்கப்படாதவள், 1660-களின் முற்பகுதியில் சபையிலுள்ள அழகிகளையெல்லாம் எழுதி ஓர் அறையில் மாட்ட ஆசைப்பட்டாள். தன்னிடம் இல்லாததைப் பிறரிடம் கண்டு புழுங்காமல், அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி அனுபவித்த அவளுடைய மனவிசாலத்தை எந்தச் சரித்திரக்காரரும் போதுமான அளவு பாராட்டவில்லை என்பது என் எண்ணம். பின்னாளில் வின்ட்சர் கோட்டையில் நெடுங்காலம் தொங்கியதால் இவற்றுக்கு வின்ட்சர் அழகிகள் என்று பெயர் வந்தது. ஆன் ஹைடின் மகள்தான் மேரி ராணி. தாயைப் போலவே அவளும் தன் காலத்து அழகிகளை நெல்லர் என்ற ஓவியரைக் கொண்டு எழுதச் சொன்னாள்; அவையும் இதே அரண்மனையில் இருக்கின்றன. ராஜசபையின் புத்திசாலிகளை மட்டும் எழுதும்படி மன்னர் கட்டளையிட்டால் மற்றவர்களெல்லாம் தங்களை மூடர்கள் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா என்று ஒரு சீமாட்டி அவளை எச்சரித்ததாக ஒரு கதை உண்டு. மகளுக்குக் கிடைத்தது விரோதம். தாய்க்கு அது கிடைத்ததாகத் தெரியவில்லை.

வரிசையில் நான் தேடியவள், கையில் வில்லேந்தி, மங்கிய பொன்னிறப் பட்டுடுத்து, மரநிழலும் அந்தி வானமும் பின்னணியாக நிற்கும் பிரான்ஸஸ் ஸ்டூவர்ட். வில் இருப்பதால் அவள் டயானா. ரோமானியப் புராணத்தில் வேட்டைக்கும் கன்னிமைக்கும் அதிதேவதை. சற்றுத் தள்ளி மன்னனின் ஆசைநாயகி பார்பரா வில்லியர்ஸ், அறிவின் தெய்வமான மினர்வாவாக நிற்கிறாள். பார்பராவுக்கு மினர்வா வேஷம் பொருந்துமா என்பதைப் பற்றி அந்தக் காலத்து லண்டன் என்ன சொல்லிச் சிரித்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் பிரான்ஸஸுக்கு டயானா வேஷம் கேலிக்குரியதாக இல்லை. அதுவே அவளுடைய கதை.

1647-இல் பிறந்தவள். அரச குலத்தின் தூரத்துக் கிளையைச் சேர்ந்த தகப்பனார், உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தவர். ஆகவே அவள் வளர்ந்தது பிரான்ஸில், நாடிழந்த ராணியின் பரிவாரத்தில். சார்ல்ஸ் மன்னனின் தங்கை ஹென்ரியெட்டா, ராஜசபைக்கு இவளைவிடச் சிறந்த ஆபரணம் இல்லையென்று அண்ணனுக்குக் கடிதமெழுதி அனுப்பி வைத்தாள். பம்பாயைச் சீதனமாகக் கொண்டு வந்த போர்ச்சுகல் இளவரசி கேதரின் அப்போதுதான் இங்கிலாந்தின் ராணியாகியிருந்தாள். 1662-ஆம் ஆண்டுக் கோடையில் அவள் தேனிலவைக் கழித்ததும், தன் தோழியர் பட்டியலில் கணவனின் ஆசைநாயகியின் பெயரைக் கண்டு மனமுடைந்ததும் இதே ஹாம்ப்டன் கோர்ட்டில்தான். அந்த ராணிக்குத் தோழியாகப் பதினைந்து வயதுப் பிரான்ஸஸ் வந்தாள். வந்தவள் சீட்டுக்கட்டுகளால் கோட்டை கட்டி விளையாடுவாள், கண்ணைக் கட்டிக்கொண்டு ஆளைப் பிடிப்பாள், எதற்கும் சிரிப்பாள். மந்திரிகள் அவள் கோட்டைக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள் என்று அந்தக் காலத்து நினைவுக்குறிப்பு ஒன்று பரிகாசம் செய்கிறது. அவளுக்கு மூளை இல்லை என்பதற்குச் சான்றாக இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கோ வேறு விதமாகத் தோன்றுகிறது: மன்னன் ஒருவன் நாலைந்து வருஷம் பின்னாலேயே சுற்றும்போது, அவனைக் கோபப்படுத்தாமலும் அவனுக்கு இணங்காமலும் காலம் தள்ள வேண்டிய பெண்ணுக்கு, சீட்டுக் கோட்டையைவிடப் பாதுகாப்பான கோட்டை வேறு எது?

பீப்ஸ் 1663-ஆம் ஆண்டு ஜூலையில் அவளைக் கண்டார். தோழிப் பெண்கள் ஒருவர் தொப்பியை மற்றவர் மாற்றி மாற்றி அணிந்து விளையாடிக்கொண்டிருக்க, சிவப்பு இறகு செருகிய தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்த பிரான்ஸஸின் இனிய கண்ணையும், சிறிய ரோமானிய மூக்கையும், உடலமைப்பையும் தனித்தனியே பாராட்டி, தாம் பார்த்தவர்களிலெல்லாம் பேரழகி என்று அந்த நல்ல மனிதர் தீர்ப்பளித்தார். மறு ஆண்டு அவள் ஓவியம் எழுத அமர்ந்திருந்தபோது, கூந்தல் அவிழ்ந்து செவிகளைச் சூழ்ந்து கிடக்க, மன்னனும் இருபது பேரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஓவியனுக்கு முன்னால் அசையாமல் இருப்பதே கடினம். ராஜ்யமே சுற்றி நின்று முறைத்துப் பார்க்கும்போது எந்த முகந்தான் தன் சொந்த முகமாக இருக்கும்? லீலியின் டயானா நம்மை நேராகப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமலிருப்பதற்கு, ஓவியரின் பழக்கம் ஒரு காரணமென்றால், அமர்ந்தவளின் பழக்கம் இன்னொரு காரணமாக இருக்கலாம். அதே ஆண்டுகளில் ஹாய்ஸ்மன்ஸ் என்ற ஃபிளெமிஷ் ஓவியர் அவளைப் போர்வீரனின் தோல் அங்கி அணிவித்து எழுதினார். தேவதை, படைவீரன் என்று எந்த வேஷம் கொடுத்தாலும் போட்டுக்கொண்டாள்.

பட்டை எழுதுவதில் லீலிக்கு நிகர் லீலிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். படத்தை நெருங்கிப் பார்த்தால், மடிப்பின் முகட்டில் வெளிச்சம் விழும் இடத்தில் தூரிகை ஒரே இழுப்பாக இழுக்கப்பட்டு, நடுவில் தயங்காமல் முடிந்திருக்கிறது. அடியில் பழுப்பு, மேலே பொன், அதன்மேல் ஏறக்குறைய வெள்ளை. எட்டி நின்றால் பட்டு சரசரக்கிறது. முகங்களில் அவர் சோம்பேறி, மடிப்புகளில் மகாகவி. இந்தக் கூடத்தில் ஒரு மணி நேரம் உலவிய பிறகு, சீமாட்டிகளின் பெயர்கள் கலந்து போயின. ஆனால் எவள் எந்த நிறம் உடுத்தியிருந்தாள் என்பது மட்டும் தெளிவாக மனத்தில் நின்றது.

1667-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், சீட்டுக் கோட்டைப் பெண் ஓர் இரவு அரண்மனையை விட்டு வெளியேறி, லண்டன் பாலத்தடியிலிருந்த கரடி விடுதியில் காத்திருந்த ரிச்மண்ட் டியூக்கோடு கென்ட் மாகாணத்துக்குப் போய் அவரையே மணந்துகொண்டாள். டியூக்கும் ஸ்டூவர்ட் குலத்தவர்தான், கடனாளி, குடிப்பவர், இரண்டு முறை மனைவியை இழந்தவர். மன்னனின் கோபத்துக்கு அளவில்லை. அடுத்த வருஷம் அவளுக்குப் பெரியம்மை கண்டது. அழகே உத்தியோகமாக இருந்த இடத்தில் இருபது வயதில் பெரியம்மை! மன்னன் நேரில் போய்ப் பார்த்தான். அந்தத் துயரத்தைக் கண்டு பழையதையெல்லாம் மன்னித்துவிட்டதாகத் தங்கைக்கு எழுதினான். அவள் மீண்டும் ராணியின் பணிக்கு வந்தாள். 1672 டிசம்பரில், டென்மார்க்கில் தூதராக இருந்த கணவர் எல்சினோர் துறைமுகத்தில் நீரில் மூழ்கி இறந்தார். இருபத்தைந்து வயதில் விதவை, குழந்தை இல்லை, மறுமணம் செய்துகொள்ளவில்லை.

லண்டனுக்குத் திரும்பி, பழைய நாணயங்கள் விற்கும் ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தேன். தட்டுகளில் செப்புப் பென்னிகள் குவிந்து கிடந்தன. தேய்ந்தவை, பச்சை பிடித்தவை, ராஜா ராணிகளின் முகங்கள் கரைந்துபோனவை. ஒவ்வொன்றின் மறுபக்கத்திலும், கேடயத்தின் அருகில், கையில் ஆயுதம் பற்றி, ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள்: பிரிட்டானியா. ரோமானியர் தாங்கள் அடக்கிய தீவைப் பெண்ணுருவாக்கித் தங்கள் நாணயங்களில் பொறித்தார்கள். அந்த உருவத்துக்கு மறுவாழ்வு கொடுத்தது சார்ல்ஸின் காலம். உருவத்துக்கு மாதிரியாக அமர்ந்தது பிரான்ஸஸ். ரோட்டியே என்ற முத்திரைச் சிற்பி அவள் முகத்தைப் பொறித்த பதக்கத்தை, 1667 பிப்ரவரியில், அவள் ஓடிப்போவதற்கு ஒரு மாதம் முன்பு, பீப்ஸ் பொற்கொல்லரிடம் கண்டு மெய்ம்மறந்தார். அந்தக் கோடையில் டச்சுக் கப்பல்கள் மெட்வே நதிக்குள்ளேயே புகுந்து ஆங்கிலக் கப்பல்களைக் கொளுத்தி, மன்னனின் பெயர் தாங்கிய கப்பலையே கட்டி இழுத்துக்கொண்டு போயின. அதன்பின் பிரெடா நகரில் ஏற்பட்ட சமாதானத்தைக் கொண்டாட வெளியான பதக்கத்திலும் அவளே, கடற்கரைப் பாறையடியில் அமர்ந்து, பயமின்றிக் கடலைப் பார்க்கிறாள்! நாட்டின் மானம் கப்பலேறிய வருஷத்தில், மன்னனை விட்டுப் போன பெண்ணை, நாட்டின் மானமாகவே உட்கார்த்தி வைத்த இந்த வேடிக்கையை அக்காலத்தவர் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. 1672-இல் செப்பு அரைப்பென்னியிலும் ஃபார்திங்கிலும் பிரிட்டானியா ஏறினாள். பிறகு முகம் மாறியது, ஆடை மாறியது, கையிலிருந்த ஈட்டி திரிசூலமாயிற்று. ஆனால் உட்கார்ந்த பாங்கு மாறவில்லை.

இலங்கைக்கென்று 1828-இல் பிரிட்டிஷார் அச்சிட்ட அரை ஃபார்திங் என்ற மிகச் சிறிய செப்புக் காசிலும் அவள்தான் அமர்ந்திருந்தாள். அரசனின் பரிசுகளைத் தட்டிக் கழிக்கப் பழகிய அந்தச் சீமாட்டி, இப்படிச் சந்தையில் வெற்றிலைக்கும் உப்புக்கும் கைமாறும் காசாக இந்துமகா சமுத்திரம் வரை வந்து சேர்ந்தாள். கடைக்காரர் எனக்கு விற்ற பென்னியில் அவள் மூக்கு முழுவதும் தேய்ந்திருந்தது.

வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கூட்டம் கீழ்த்தளத்தோடு நின்றுவிடுகிறது. புலவர்கள், பிரதமர்கள், போர்வீரர்கள் என்று கல்லறைகளை மிதிக்காமல் நடக்கவே இடமில்லாத அந்தத் தரைக்கு ஐம்பது அடிக்கு மேலே, தூண்களின் தலைமேல் ஓடுகிற பழைய மேல்மாடம் ஒன்று பல நூற்றாண்டுகள் தட்டுமுட்டுச் சாமான்கள் அடைந்த பரணாகக் கிடந்து, 2018-இல் காட்சிக்கூடமாகத் திறக்கப்பட்டது. அங்கே ஈமப் பிரதிமைகள் இருக்கின்றன. மன்னன் இறந்தால் சவப்பெட்டியின் மேல் அவனைப் போன்ற உருவம் ஒன்றை, அரச ஆடை அணிவித்துக் கிடத்தி ஊர்வலமாகக் கொண்டு போவது மத்திய காலத்து வழக்கம். 1377-இல் இறந்த மூன்றாம் எட்வர்டின் மர உருவம் இன்னும் இருக்கிறது. காலப்போக்கில் ஊர்வலம் நின்றது; மரம் மெழுகாயிற்று; பிரதிமை கல்லறையின் பக்கத்தில் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் ஞாபகச் சின்னமாயிற்று.

பிரான்ஸஸ் 1702 அக்டோபரில் காலமானாள். தன் உருவத்தை மெழுகில் எவ்வளவு நன்றாகச் செய்ய முடியுமோ அவ்வளவு நன்றாகச் செய்து, தெளிந்த கண்ணாடி போட்ட பேழையில் தனியாக நிறுத்த வேண்டுமென்று உயிலில் எழுதி வைத்திருந்தாள். தனியாக என்ற அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். திருமதி கோல்ட்ஸ்மித் என்ற மெழுகுச் சிற்பி செய்து முடித்து, மறு ஆண்டு உருவம் ஆலயத்தில் ஏறியது. 1702 ஏப்ரலில் ஆன் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு அவள் அணிந்துபோன ராஜ உடையே பிரதிமைக்கு உடை. வெளிக்குத் தெரியாத உள்ளாடைகள் உட்பட அனைத்தும் அவளுடைய காலத்தவை. உடைகளின் சரித்திரம் படிப்பவர்களுக்கு இது கிடைத்தற்கரிய நிதி. லீலியின் பட்டு கற்பனைப் பட்டு. எந்தத் தையற்காரனும் அப்படி ஓர் ஆடையைத் தைத்ததில்லை. இது நூலும் ஊசியும் பட்ட நிஜம்.

நெட்டையான பெண். கண்கள் நன்றாக விழித்திருக்கின்றன. இங்கே அவளுக்கு வில் இல்லை, கேடயம் இல்லை. எந்தப் புராணத்திலிருந்தும் கடன் வாங்கிய அடையாளம் இல்லை. இருப்பது ஒரு கிளி. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, நாற்பது வருஷம் அவளோடு வாழ்ந்து, அவள் இறந்த சில நாட்களில் தானும் இறந்தது என்பது பரம்பரைச் செய்தி. எக்ஸ்-ரே படம் எடுத்துப் பார்த்தபோது மண்டையோடு முதல் எலும்புக்கூடு முழுவதும் உள்ளேயே இருந்ததாம். பாடம் செய்யும் கலை குழந்தைப் பருவத்தில் இருந்த காலத்து வேலை. பாடம் செய்யப்பட்டு இன்றுவரை எஞ்சிய பறவைகளில் இதுவே மிகப் பழையதாக இருக்கலாமென்று சொல்கிறார்கள். அழகிகளோடு எழுதப்பட்ட ஆட்டுக்குட்டிகளும் மன்மதக் குழந்தைகளும் ஓவியர் கைச்சரக்கு. இந்தக் கிளி மட்டும் அவள் வீட்டுக் கிளி. அவளை எழுதியவர்கள் எல்லாரும் பிறர் கேட்டபடி எழுதினார்கள். யார்க் சீமாட்டிக்கு ஒரு டயானா, மன்னனுக்கு ஒரு பிரிட்டானியா. ஐம்பத்தைந்து வயதில் தன் செலவில், தன் நிபந்தனையில் அவள் செய்வித்த உருவம் இது ஒன்றே என்று நினைத்துப் பார்த்தபோது, லீலியின் படத்துக்கு முன்னால் நின்ற நேரத்தைவிட அதிக நேரம் இங்கே நின்றுவிட்டேன். அதே மாடத்தில் சார்ல்ஸ் மன்னனும் மெழுகாக நிற்கிறான். கண்ணாடிக்குப் பின்னாலிருக்கிற இருவருக்கும் இப்போது பரஸ்பரம் தொந்தரவில்லை.

வடக்கே ஸ்காட்லாந்துக்குப் போனது பாதி இவளுக்காக, பாதி மலைக்காற்றுக்காக. எடின்பரோவின் தேசிய அருங்காட்சியகத்தில் அவளுடையதென்று கருதப்படும் ஒப்பனைப் பாத்திரங்கள், முலாம் பூசிய வெள்ளியில், பாரிஸ் கைவினைஞர்கள் செய்தவை, ஒரு பேழை நிறைய மின்னுகின்றன: முகக்கண்ணாடி, மெழுகுவத்தித் தண்டுகள், தூரிகைகள், மூடியிட்ட சிமிழ்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஒரு கோபுர வீட்டில் பெட்டிக்குள் மறந்து கிடந்து, 1900 வாக்கில் தற்செயலாக வெளிவந்தவை. இவற்றில் எத்தனை சிமிழ்கள் பெரியம்மைக்குப் பிறகு அதிகமாகத் திறக்கப்பட்டனவோ என்று என் பக்கத்தில் நின்ற பெண்மணி தன் தோழியிடம் கேட்டாள். ஆண்கள் எழுதிய நூல்களில் நான் காணாத கேள்வி.

அந்தக் கோபுர வீடு எடின்பரோவுக்குக் கிழக்கே, ஹாடிங்டன் என்ற ஊரருகில், பீச் மரங்கள் சூழ்ந்த புல்வெளியில் இருக்கிறது. லெதிங்டன் என்பது அதன் பழைய பெயர். மெயிட்லண்ட் குலத்தவரின் கோட்டை. பிரான்ஸஸ் தன் உறவினரான பிளாண்டயர் பிரபுவுக்கு நிலம் வாங்கித் தரும்படி பணம் ஒதுக்கிவிட்டு இறந்தாள். அவள் மறைந்த பின் தர்மகர்த்தாக்கள் இந்தக் கோட்டையை வாங்கினார்கள். லெனாக்ஸ் என்பது அவளுடைய பட்டப்பெயர்களில் ஒன்று; பிளாண்டயருக்கு லெனாக்ஸ் வைத்த அன்பு என்று அதற்குப் பெயரிட வேண்டுமென்பது அவள் விருப்பம். அவ்வளவு நீளமான பெயரை வண்டிக்காரர்களும் தபால்காரர்களும் எத்தனை நாள் சுமப்பார்கள்? லெனாக்ஸ்லவ் என்று சுருங்கிவிட்டது. அன்பு வைத்தவளின் பட்டப்பெயர் தங்க, அன்பைப் பெற்றுக்கொண்டவரின் பெயர் உதிர்ந்து போயிற்று. இப்போது வீடு ஹாமில்டன் டியூக்குகளுடையது. ஸ்காட்லாந்து ராணி மேரியின் மரண முகமூடி என்று சொல்லப்படும் ஒன்று அங்கே இருப்பதால், வழிகாட்டி வீட்டுக்குப் பெயர் கொடுத்தவளை இரண்டு வாக்கியங்களில் முடித்துக்கொண்டு எங்களை அதனிடம் அழைத்துப் போனார்.